மழை வீதக் கணக்கு: வரைபடமா, மணிப் பதிவா, சொந்த மழைமானியா?

ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை என்று பதிவேடு சொல்கிறது. அத்தனையும் 20 நிமிடத்தில் கொட்டித் தீர்ந்திருந்தால் உண்மையான வீதம் மணிக்கு 150 மி.மீ. கோபுரத்துக்குக் கோபுரம் சமிக்ஞை அனுப்பும் மைக்ரோவேவ் இணைப்பு அறுந்துபோவது அந்த 20 நிமிடத்தில்தான். அதனால்தான் நமக்கு ஒரு நிமிட அளவு வேண்டும்: சராசரி ஆண்டில் 0.01 சதவீத நேரம், அதாவது சுமார் 53 நிமிடம், மழை எந்த வீதத்தைத் தாண்டுகிறது?

வடிகால் கட்டுபவர்களின் ‘50 ஆண்டுக்கு ஒருமுறை’ வளைகோடு இதற்கு உதவாது. அரிதான பெருமழை எவ்வளவு பெய்யும் என்ற வேறு கேள்விக்கான பதில் அது.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.837 பரிந்துரை, அதாவது உலக மழை வீத வரைபடம், கையில் இருந்தால் பூமியில் எந்த இடத்துக்கும் உடனே ஒரு எண் கிடைத்துவிடும். 2017இல் வந்த ஏழாம் பதிப்பு, மாத மழையளவையும் வெப்பநிலையையும் வைத்துக் கணக்கிடுகிறது. முதல் மதிப்பீட்டுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் இடிமழை மிகுந்த வெப்பமண்டலத்தில், அளந்த மதிப்பு இதிலிருந்து விலகி நிற்பதுண்டு. அந்த விலகல் சின்ன விஷயமல்ல. 20 கிகாஹெர்ட்ஸில், கிடைத்தள முனைவாக்கத்தில் (அலையின் மின்புலம் கிடைமட்டமாக அதிரும்போது), மணிக்கு 60 மி.மீ. மழைக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 7 டெசிபெல் சமிக்ஞை இழப்பு, 100 மி.மீ. என்றால் ஏறக்குறைய 12.

மணிக்கொரு முறை எடுத்த மழைப் பதிவை ஒரு நிமிட வீதமாக மாற்றச் சூத்திரங்கள் உண்டு. பல ஆண்டுப் பதிவு கிடைப்பது இதன் பலம். ஆனால் மாற்றுக் கெழுக்கள் (சூத்திரத்தில் வரும் எண்கள்) அந்தக் காலநிலைக்குப் பொருந்த வேண்டும்; வேறொரு வட்டாரத்தின் கெழுவை அப்படியே எடுத்துப் போட்டால் மணிப் பதிவின் பலமே வீணாகிவிடும்.

என் ஓட்டு மழைமானிக்குத்தான். பி.837உம், நம்பகமான நீண்டகால உள்ளூர் அளவீடு இருந்தால் அதையே எடுக்கச் சொல்கிறது. ஆனால் கருவியை அறிந்து வாங்க வேண்டும். 0.2 மி.மீ. மழை சேர்ந்ததும் கவிழ்ந்து எண்ணும் சிறு வாளி கொண்ட மழைமானியில், நிமிடத்துக்கு ஒரு கவிழ்ப்பு என்றாலே மணிக்கு 12 மி.மீ. ஆகிவிடும், தூறலை அதனால் நுணுக்கமாகப் பிரித்துக் காட்ட முடியாது. கனமழையிலோ வாளி கவிழும் நேரத்தில் விழும் நீர் கணக்கில் வராமல் போகும், அதற்குத் திருத்தம் தேவை. ஓராண்டுத் தரவும் போதாது. மழை ஆண்டுக்கு ஆண்டு அவ்வளவு மாறும்.

சரி, இணைப்பை அடுத்த மாதமே திறக்க வேண்டுமென்றால்? வரைபட எண்ணில் வடிவமைத்து, சமிக்ஞை வலிமையில் கூடுதல் விளிம்பு விட்டு, அன்றைக்கே கோபுரத்தடியில் மழைமானியை வைத்துவிடுங்கள். பதிவுக் கருவிக்குத் தனி பேட்டரி கட்டாயம் வேண்டும். பெரும் மழையில் மின்சாரம் போய் அரை மணி நேரப் பதிவு விட்டுப்போனால், நாம் தேடும் 53 நிமிடத்தில் பாதிக்கு மேல் அதோடு போய்விடும்.