பிள்ளை யாரிடம் இருப்பது: வக்கீல் வைப்பதா, நாமே பேசுவதா?

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு என் தங்கையோடு ஒன்றரை வருஷமாகப் போய் வருகிறேன். அவள் குடியாத்தத்தில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறாள். ஏழு வயது மகன் யாரிடம் வளர்வது என்பதுதான் வழக்கு. முதலில் தானே மனு எழுதிப் போட்டாள். அப்புறம் இலவச சட்ட உதவி வக்கீல். அவள் வீட்டுக்காரர் தரப்பில் பீஸ் கொடுத்து வைத்த வக்கீல். மூன்று வழியையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13வது பிரிவுப்படி, வக்கீல் வழியாகத்தான் பேசுவேன் என்று உரிமையாகக் கேட்கவும் முடியாது; கோர்ட் அனுமதிக்க வேண்டும். சமரசத்துக்கு முயற்சி செய்வதும் அந்தக் கோர்ட்டின் வேலைதான். பிள்ளை யாரிடம், ஞாயிற்றுக்கிழமை யாரிடம், கோடை லீவில் எத்தனை நாள் என்று இருவரும் மனம் ஒத்துவிட்டால், தனியாக வக்கீலுக்குச் செலவு செய்ய வேண்டாம் என்பேன். எழுதிய ஒப்பந்தத்தை மட்டும் கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

ஒத்துப்போகவில்லை என்றால் கதையே வேறு. தங்கை எழுதிய மனு பதினோரு பக்கம். ஒன்பது பக்கம் மாமியார், நகை, அடி, பேச்சு. பிள்ளையைப் பற்றி இரண்டே பத்தி. அவள் பட்டதெல்லாம் உண்மை, நான் சாட்சி. ஆனால் 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டப்படி நீதிபதி பார்ப்பது பிள்ளையின் நலன். விவரம் தெரிந்த வயதென்றால் அவன் விருப்பத்தையும் கேட்கலாம். ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் என்று இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஏழு வயதுக்காரனுக்கு அது கைகொடுக்காது.

சட்ட உதவி கேட்கச் சொன்னபோது, "நான்தான் சம்பளம் வாங்குறேனேக்கா, எனக்கு எப்படிக் குடுப்பாங்க?" என்றாள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு வருமானக் கணக்கே கிடையாது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான். மற்ற ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100க்குப் போன் செய்தும் விசாரிக்கலாம்.

அங்கே கிடைத்த வக்கீல் அம்மா அந்தப் பதினோரு பக்கத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "பையனோட ஸ்கூல் டைரியில யாரும்மா கையெழுத்துப் போடுறது?" மறுநாள் டைரியும் தடுப்பூசி அட்டையும் எடுத்துப்போனோம். டைரியில் பக்கத்துக்குப் பக்கம் தங்கையின் கோணல் கையெழுத்து. மனு நான்கு பக்கமாகச் சுருங்கியது.

சட்ட உதவியில் குறை இல்லாமல் இல்லை. ஒதுக்கித் தரும் வக்கீலைத்தான் முதலில் ஏற்க வேண்டும். அவர் கையில் பல கேஸ் கட்டு இருக்கும்; வாய்தா தேதியை நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

பீஸ் கொடுத்து வைத்தால் ஆளை நாமே தேர்ந்தெடுக்கலாம், ராத்திரி போன் செய்தாலும் எடுப்பார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றால் இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். வழக்கு முடியும்வரை பிள்ளை யாரிடம் என்று கேட்கும் இடைக்கால மனு அன்றைக்கே தயாராக வேண்டும். பீஸ் மொத்தமா, வாய்தாவுக்கு இவ்வளவா, இடைக்கால மனுவுக்குத் தனியா என்று முதல் நாளே கேளுங்கள். காலமெல்லாம் நில வழக்கு நடத்தியவரைவிட, பிள்ளை வழக்கு நடத்தியவர் மேல். "ஒரு போலீஸ் கேஸ் போட்டா தானா இறங்கி வருவார்" என்பவரிடம் கேஸ் கட்டைக் கொடுக்காதீர்கள். எதுவும் நடக்காதபோது மிரட்டலுக்காகப் போடுகிற கேஸில் நடுவில் மாட்டுவது பிள்ளை.

தனியாக மட்டும் நிற்கக்கூடாத இடம் குறுக்கு விசாரணை. "ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வர்றீங்க, அதுவரைக்கும் பையனை யாரு பாக்குறது?" என்று அவர்கள் வக்கீல் கேட்டபோது தங்கைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் வக்கீல் எழுந்து, பாட்டி வீட்டில் இருப்பதையும் பள்ளி நாலு தெரு தள்ளி இருப்பதையும் அவள் வாயாலேயே சொல்ல வைத்தார்.

வழக்கு முடியவில்லை. இடைக்கால உத்தரவுப்படி மகன் இவளிடம். சனிக்கிழமை காலை அவன் அப்பா வந்து கூட்டிப்போய் ஞாயிறு மாலை விடுகிறார். புத்தகப் பையும் கூடப் போகிறது. போன வாரம் டைரியில் அவர் கையெழுத்தும் இருந்தது.