கே2எஃப் மேக்னெட்டோ: புதுப்பிப்பதா, மாற்றுவதா?

பி.எஸ்.ஏ. ஏ10, ட்ரையம்ஃப் டைகர் 110, 1962 வரை வந்த போன்னவில் என்று ஐம்பதுகளின் பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் ஸ்பார்க் தருவது, பேட்டரி இல்லாமலே காந்தத்தால் மின்சாரம் உண்டாக்கும் லூகாஸ் கே2எஃப் மேக்னெட்டோதான். சென்னைப் பாடி வழியாக நமக்குப் பழகிய அதே லூகாஸ், தாய்வீடு பர்மிங்காம். இந்த வண்டிகளை எழுப்ப நினைப்பவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: பழையதையே புதுப்பிக்கலாம், அதே உருவத்தில் எலெக்ட்ரானிக் மேக்னெட்டோ வாங்கலாம், அல்லது பேட்டரி மின்சாரத்தில் ஸ்பார்க் தரும் காயிலுக்கு மாறலாம். முடிவை வண்டிக்கு மொத்தமாக எடுக்காமல் பாகம் பாகமாக எடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஸ்பார்க்குக்குப் பழையதே போதும். சார்ஜிங்கில் அந்தப் பிடிவாதம் தேவையில்லை.

கே2எஃப் மோசம் என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பாகம்தான் காரணம், கண்டன்சர். மின்சாரத்தைச் சற்றுநேரம் தேக்கிவைக்கும் அது, ஆர்மேச்சர் என்ற சுழலும் கம்பிச்சுருளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அறுபது எழுபது வருடத்தில் ஈரம் ஏறி, மின்சாரத்தைக் கசியவிடுகிறது. குளிர்ந்த வண்டி முதல் உதையிலேயே கிளம்பும். பத்து மைல் ஓட்டி நிறுத்தினால், சூடு ஆறும்வரை எத்தனை உதைத்தாலும் அசையாது. மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட்ஸில் நீலப்பொறி பறக்கும். கூடவே, சுற்றுகளில் அன்று பூசிய ஷெல்லாக்கும் சூட்டில் இளகி வழியும். அது இறுகினால் ஆர்மேச்சர் உடலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் இவை எல்லாமே சரிசெய்யக்கூடியவை. புதுக் கம்பி சுற்றி எபாக்ஸி ஊட்டி, நல்ல கண்டன்சர் வைத்து, காந்தத்துக்கு மறுபடி வலுவேற்றினால் அந்தப் பெட்டி இன்னொரு தலைமுறைக்கு ஓடும். பேட்டரி செத்தாலும் வண்டி வீடு சேரும் என்பது சாதாரண விஷயமில்லை. ஆர்மேச்சரைக் கழற்றாமல் பாயிண்ட்ஸ் பக்கமே பொருத்தும் சின்னக் கண்டன்சர்களும் இப்போது கிடைக்கின்றன. சுற்று நன்றாக இருந்தால் அதுவே போதும். ஆனால் உள்ளே இருக்கும் பழையதன் இணைப்பைத் துண்டிக்காவிட்டால், அது பக்கத்தில் இருந்துகொண்டு கசியவிட்டபடியேதான் இருக்கும்.

எல்லாம் வேலை செய்பவர் கையைப் பொறுத்தது. ஆர்மேச்சரை உருவும் முன் எர்த் பிரஷையும் சேஃப்டி கேப் (safety gap) திருகையும் கழற்ற வேண்டும். மறந்தால், ஸ்பார்க் மின்சாரத்தை வெளியே தரும் ஸ்லிப் ரிங் உடைந்துவிடும். பேரிங்கைச் சுற்றியுள்ள காப்புத்தாளும் புதிதாக வேண்டும். இதைவிட நுட்பமானது, பாயிண்ட்ஸைத் திறந்து ஸ்பார்க் நேரத்தைத் தீர்மானிக்கும் கேம் ரிங். மேக்னெட்டோ எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால், இங்கே ஒரு டிகிரி பிசகினால் கிராங்கில் இரண்டு டிகிரி. ரிங் மையம் தப்பி உட்கார்ந்தால் ஒரு சிலிண்டர் முந்தும், மற்றது பிந்தும். கார்புரேட்டர் மேல் பழி போட்டு மாதக்கணக்கில் அலைபவர்களில் பலருக்கு நோய் இங்கேதான் இருக்கிறது. புதுப்பித்துத் தருபவரிடம் நான் கேட்கச் சொல்வது இரண்டு கேள்விகள்: சூடாக்கி ஓட்டிப் பார்த்தீர்களா? இரண்டு சிலிண்டருக்கும் டைமிங் ஒத்துப்போகிறதா? பதில் மழுப்பலாக இருந்தால் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி, பி.டி.எச். பெயரில் வரும் எலெக்ட்ரானிக் மேக்னெட்டோ. தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கும். பேட்டரி வேண்டாம், பாயிண்ட்ஸ் இல்லை. தினமும் ஓட்டுபவருக்கு இது அருமையான பொருள் என்று தயங்காமல் சொல்வேன். உடைந்த உடலும் தொலைந்த பாகங்களுமாகக் கையில் வந்த கே2எஃப்புக்குச் செலவழிப்பதைவிட இது மேல். ஆனால் பழைய பெட்டி முழுசாக இருக்கும்போது அதைத் தூக்கிப்போட்டு இதை வாங்க எனக்கு மனம் வராது.

பேட்டரி காயில் வழி மூன்றாவது. மெதுவான உதைக்கும் நல்ல ஸ்பார்க் கிடைக்கும், அது உண்மை. ஆனால் உயிர்நாடி பேட்டரிக்குப் போய்விடுகிறது. வோல்டேஜ் இறங்கினால் சில பழைய அனலாக் எலெக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டிகளில் டைமிங்கே தடுமாறும், கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். அந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்ய இருப்பது 60 வாட் டைனமோ என்றால், இந்த மாற்றத்தை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

அப்புறம் சார்ஜிங். லூகாஸ் ஈ3எல் டைனமோ உண்மையில் நல்ல மிஷின். பிரஷ், பேரிங், கம்யூட்டேட்டர் பார்த்துவிட்டால் உழைக்கும். தொல்லை தருவது, சார்ஜைக் கட்டுப்படுத்தும் எம்.சி.ஆர்.2 ரெகுலேட்டர். அதிரும் வண்டியில் பாயிண்ட்ஸ் தீய்ந்து, அமைப்பு மாறிக்கொண்டே இருக்கும். அதைப் பழையபடி சீராக்குவதில் எந்தப் பெருமையும் இல்லை. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு அதே பெட்டிக்குள் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைத்தால் வெளித்தோற்றமும் கெடாது. 12 வோல்டுக்கு ஏற்றதும் கிடைக்கிறது, ஆனால் சார்ஜ் தொடங்கும் வேகம் கூடிவிடும். ஊருக்குள் ஊர்ந்து போகிறவருக்கு அது உதவாது. டைனமோ உருவத்தில் வரும் பிரெஞ்சு ஆல்டன் ஆல்டர்னேட்டர் 12 வோல்டில் 150 வாட் தரும். இரவில் நெடுந்தூரம் போவோருக்கு அதன் விலை நியாயமே.

எதை வாங்கும் முன்பும் டைனமோவைச் சோதியுங்கள். டி (வெளியீடு), எஃப் (ஃபீல்ட்) ஒயர்களைக் கழற்றி, டைனமோவின் அந்த இரண்டு முனைகளையும் இணைத்து, அங்கிருந்து எர்த்துக்கு வோல்ட் மீட்டர் போடுங்கள். எஞ்சினை ஐடிலிலிருந்து மெதுவாக ஏற்றும்போது முள் தடங்கலில்லாமல் ஏறினால் டைனமோ நலம். ரெகுலேட்டருக்கு மட்டும் காசு எடுத்துவையுங்கள்.