கார்புரேட்டரை நாலு முறை கழற்றிய பிறகு தெரிந்துகொண்டது

ஒன்பது வருடமாக ஒரு பழைய கார் வைத்திருக்கிறேன், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வகை. முதல் மூன்று வருடம் அதனோடு ஒரே மல்லுக்கட்டுதான். சோக் இழுத்தால் முதல் செல்ஃபிலேயே எடுக்கும், ஐடிலிங் சீராக இருக்கும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போனதும் திணற ஆரம்பிக்கும். மிதிக்க மிதிக்க இழுவை குறைந்து கடைசியில் அணைந்துவிடும். ஓரம் கட்டிப் பத்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

இதற்காக நாலு முறை கார்புரேட்டரைக் கழற்றினோம். ஜெட்டை, அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பாயும் நுண்துளையை, ஊதினோம், கேஸ்கெட் கிட் மாற்றினோம். கொஞ்சம் யோசித்திருந்தால் அத்தனையும் மிச்சம். ஜெட்டில் அடைப்பு என்றால் அதே வேகத்தில் ஐந்தாவது நிமிடத்திலும் திணற வேண்டும். அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு நிற்கிறது என்றால் ஜெட்டுக்கு வந்துசேர வேண்டிய பெட்ரோல்தான் வந்துசேரவில்லை.

அது நிஜமாகவே பெட்ரோல் கோளாறுதானா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. வண்டி நின்ற உடனே, எஞ்சின் ஓடாத நிலையில், ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே த்ராட்டிலைக் கையால் திருப்புங்கள். பெட்ரோல் கம்பிபோலப் பீய்ச்சினால், ப்ளக்கில் தீப்பொறி வரவைக்கும் காயில், கண்டன்சர் பக்கம் தேடுங்கள். அவையும் சூடானால் மக்கர் செய்து ஆறினால் சரியாகும். என் வண்டியில் சொட்டுக்கூட வரவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணம் காலி.

முதல் குற்றவாளி டேங்க் மூடி. நின்ற இடத்திலேயே திறந்தேன், 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்துக்கொண்டது. மூடியில் உள்ள காற்றுத் துளை அழுக்கில் அடைத்திருந்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று வராவிட்டால் பம்ப் எவ்வளவு நேரம்தான் இழுக்கும்? துளையைச் சுத்தம் செய்தேன்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். சமதளத்தில் முடிந்திருந்தது. ஆனால் டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கிய பிறகு ஏற்றத்தில் ஏறினால் மறுபடியும் அதே திணறல். ஒரே அறிகுறிக்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்பது எனக்கு உறைக்கவே சில மாதம் ஆனது.

இடையில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். யாரோ சொன்னார்கள் என்று எலெக்ட்ரிக் பம்ப் பொருத்தினேன். பழைய மெக்கானிக்கல் பம்ப் சுமார் 3 முதல் 5 பிஎஸ்ஐ அழுத்தம்தான் தரும். கிண்ணத்துக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்தும் ஊசி வால்வு அதற்கேற்றது. புதுப் பம்பின் அழுத்தத்துக்கு வால்வு தாங்கவில்லை. ஓவர்ஃப்ளோ ஆகி, ப்ளக்கெல்லாம் கரிபிடித்தது. இரண்டே வாரத்தில் கழற்றி எறிந்தேன்.

பிறகுதான் முறையாகப் பார்த்தேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். (தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.) பெட்ரோலோடு குமிழ் குமிழாகக் காற்றும் வந்தது. பம்பின் உறிஞ்சும் பக்கத்தைப் புது ஹோஸ் வழியாக ஒரு கேனில் விட்டுப் பார்த்தபோது குமிழே இல்லை. ஆக, பம்ப் நல்ல பம்ப். கோளாறு அதற்குப் பின்னால். டேங்குக்குப் பக்கத்திலிருந்த ஒரு சாண் ரப்பர் ஹோஸ் கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. அந்தப் பகுதியில் பெட்ரோல் உறிஞ்சப்படுவதால் வெடிப்பு வழியாக வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரமும் இல்லை, வாசனையும் இல்லை. மூன்று வருடம் கண்ணில் படாததில் ஆச்சரியமில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும் என்பதால் எத்தனால் தாங்கும் ஹோஸாகப் பார்த்து, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மொத்தமாக மாற்றினேன். ஆறு வருடம் ஆகிறது, நடுவழியில் ஒருமுறைகூட நிற்கவில்லை.

ஏழாவது வருடத்தில் பம்பின் டயஃப்ரம் (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வு) கிழிந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது ஆயில் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்: ஆயில் அளவு ஏறியிருந்தது, பெட்ரோல் வாடை வேறு. கிழிசல் வழியாக பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருந்தது. வண்டியை எடுக்காமல் பம்பையும் ஆயிலையும் மாற்றினேன்.

கடும் வெயிலில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு எடுக்கும்போது முரண்டு பிடிப்பது வேறு வியாதி. எஞ்சின் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு அடியில் தடிமனான வெப்பத் தடுப்புக் கட்டை வைத்த பிறகு பெருமளவு குறைந்தது. இந்தச் சூட்டைத் தணிக்கப் பெட்ரோல் பைப்பில் துணி கிளிப் மாட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நானும் மாட்டினேன். துணி காயப்போடத்தான் அது லாயக்கு.

இன்றைக்கும் ஒரு குறை இருக்கிறது. மூன்று வாரம் எடுக்காமல் விட்டால் கிண்ணம் வற்றிப்போய், நிறைய செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.