பட்டிமன்றமா, ஆறு தொப்பியா, பக்கம் மாற்றி வாதமா?

திருப்பூர்ப் பக்கத்து ஒன்பதாம் வகுப்பு ஒன்றில், சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றைப் பற்றிப் பேச்செடுப்பது எளிதல்ல. ஒரு பையனின் அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்ப்பார்; அடுத்த பெஞ்சுப் பெண்ணின் தாத்தா, தோட்டத்துக் கிணறு உப்பாகிப்போய் வெள்ளாமையை விட்டவராக இருப்பார். "சாயப்பட்டறைகள் தேவையா?" என்று கேட்டால் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்காக வாதாடுவார்கள், இல்லாவிட்டால் வாயே திறக்க மாட்டார்கள். இத்தகைய பொருளைப் பல கோணங்களில் பார்க்க வைக்க ஆசிரியருக்கு மூன்று வழிகள் உண்டு. எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பட்டிமன்றத்துக்கு அறிமுகம் வேண்டாம். மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் வருகிறது. செலவில்லை, கூட்டம் சேரும், கூச்சம் போகும். ஆனால் ஆறு பேர் பேச, மற்றவர்கள் கைதட்டுவார்கள். எதிரணி சொன்னது சரியென்று மனதுக்குப் பட்டாலும் ஒப்புக்கொண்டால் தோல்வி. கடைசியில் நடுவர் இரண்டு தரப்பையும் தடவிக்கொடுத்து அனுப்பிவைப்பார். பேச்சாளர்களை உருவாக்க இதைவிட நல்ல பட்டறை இல்லை. ஆண்டு விழா மேடைக்கு வைத்துக்கொள்ளலாம், பாடவேளைக்கு வேண்டாம்.

ஆறு தொப்பி முறை, மால்டாவில் பிறந்த எட்வர்ட் டி போனோ 1985இல் முன்வைத்தது. ஒவ்வொரு நிறத் தொப்பிக்கும் ஒரு வகை யோசனை: வெள்ளை என்றால் தகவல்; சிவப்பு என்றால் உணர்ச்சி; கறுப்பு என்றால் எச்சரிக்கை; மஞ்சள் என்றால் நன்மை; பச்சை என்றால் புது யோசனை; நீலம் என்றால் பேச்சை ஒழுங்குபடுத்துவது. (ஈரோட்டுப் பிள்ளைகளுக்கு மஞ்சளின் நன்மையை விளக்க வேண்டியதில்லை. கறுப்பையும் சிவப்பையும் அடுத்தடுத்துச் சொன்னால் மட்டும் பின் பெஞ்சில் கட்சிச் சிரிப்பு எழும்.) பலர் ஆறு பிள்ளைகளை அழைத்து ஆளுக்கொரு தொப்பியை மாட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கறுப்பு வாங்கியவள் கடைசிவரை குறை சொல்பவளாகவே நிற்பாள். பட்டிமன்றம் ஆறு அணிகளோடு திரும்பி வந்துவிடும். ஒரு நேரத்தில் வகுப்பு முழுவதும் ஒரே நிறத்தில் யோசிப்பதுதான் இந்த முறையின் உயிர்.

நொய்யலுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. வெள்ளையில் தொடங்கலாம். 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு நிறையச் சேர்க்க வேண்டும். கழிவின் நிறத்தை எடுத்துவிட்டாலும் கரைந்த உப்பு தண்ணீரிலேயே இருக்கும். அதனால்தான் சவ்வு வழியாக வடிகட்டுவது, மிஞ்சியதை ஆவியாக்கி உப்பைப் பிரிப்பது என்று சுத்திகரிப்புச் செலவு ஏறுகிறது. தண்ணீர் தெளிந்துவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று நம்பியிருந்த பிள்ளைக்கு இந்த ஒரு தகவலே பெரிய திறப்பு.

அடுத்து சிவப்பு. இங்கே காரணம் கேட்கக் கூடாது என்பது விதி. அப்பாவின் வேலை போய்விடுமோ என்ற பயத்தை ஒரு பையன் வாதமாக்காமல் பயமாகவே சொல்ல இடம் கிடைக்கிறது. மஞ்சளில் விவசாயி வீட்டுப் பெண்ணும் சாயத்தொழிலின் நன்மையைத் தேடியாக வேண்டும். எல்லாரும் அதையே தேடுவதால் அவளுக்குத் தாத்தாவைக் காட்டிக்கொடுத்த உறுத்தல் வராது.

இதிலும் ஓட்டை உண்டு. கரும்பலகையில் மஞ்சளுக்குக் கீழே ஒரு பட்டியல், கறுப்புக்குக் கீழே ஒரு பட்டியல் என்று நீண்டபின், எது கனமானது, எது வெறும் பேச்சு என்று யாரும் எடைபோடுவதில்லை. மணி அடித்துவிடும்.

அந்த எடைபோடும் வேலையைச் செய்வது மூன்றாவது முறையான பக்கம் மாற்றி வாதம். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் வகுத்தது. நால்வர் கொண்ட குழு. இருவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். இரு பக்கமும் வாதத்தை வைத்து முடித்தபின் பக்கம் மாற வேண்டும். அதுவரை எதிர்த்ததை இப்போது நம்பவைக்கும்படி பேச வேண்டும். பிறகு இரண்டு பக்கத்தையும் கைவிட்டு நால்வரும் சேர்ந்து ஒரு முடிவை எழுதுவார்கள்.

கொங்குக்காரர்களுக்கு இதில் புதுமை குறைவுதான். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்துக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடும் பவணந்தி, நன்னூலில் ஏழு வகை மதங்களை, அதாவது நூலாசிரியர் எடுக்கும் நிலைப்பாடுகளை, சொல்கிறார். பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் களைவது அவற்றில் ஒன்று. இருவர் மாறுபட்டு நிற்கும்போது ஒன்றைத் துணிவது இன்னொன்று. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு, அதைச் செய்து பார்க்க மறந்துபோனோம்.

பக்கம் மாற்றி வாதத்துக்கு உழைப்பு அதிகம். இரு பக்கத்துக்கும் சமமான வாசிப்புப் பொருளை ஆசிரியர் திரட்ட வேண்டும். ஒரு பாடவேளை போதாது. பக்கத்து வகுப்பிலிருந்து சத்தத்துக்குப் புகார் வரும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. தண்ணீர் கெட்டு நிலத்தை இழந்த வீட்டுப் பெண்ணை, எடுத்த எடுப்பில் சாயப்பட்டறைக்காக வாதாடச் சொல்வது கொடுமை.

ஆகவே நான் பார்ப்பது பொருளின் சூட்டை. கண்ணகி மதுரையை எரித்தது நீதியா என்பது போல வீட்டை விட்டுத் தொலைவில் இருக்கும் கேள்விக்கு நேராகப் பக்கம் மாற்றி வாதத்துக்கே போகலாம். தொப்பியில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். நொய்யல் போல வாசல்வரை வந்துவிட்ட கேள்விக்கு முதலில் தொப்பி. பையன்களும் பெண்களும் தங்கள் பயத்தைச் சொல்லி முடித்த மறுவாரம், கறுப்பிலும் மஞ்சளிலும் வந்த கருத்துகளில் கனமான இரண்டிரண்டை மட்டும் எடுத்து நால்வர் குழுக்களுக்குக் கொடுக்கலாம். அப்போது நீலத் தொப்பியையும் மாணவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஆசிரியர் பின் பெஞ்சில் போய் உட்காரலாம்.