சிரேஷ்ட பிரஜைகளுக்கான மேசை: வெள்ளவத்தையில் ஒரு வங்கிக் கிளை

காலி வீதியோரமாக உள்ள இந்தத் தனியார் வங்கிக் கிளையில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கென்று தனி மேசை உண்டு. அங்கு பெரியம்மாவின் நிலையான வைப்பைப் பார்த்துக்கொள்ள அவருடன் சென்றுவருகிறேன்.

வைப்பை முதிர்வுக்கு முன்னரே முறிக்க வேண்டுமென்று அவர் கேட்டபோது, உத்தியோகத்தர் படிவத்தை நீட்டவில்லை. முதலில் என்னை வெளியே இருக்கச் சொன்னார். பிறகு, "அம்மா, காசு ஆருக்குப் போகுது? பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமெண்டு ஆரும் சொன்னவையோ?" என்று விசாரித்ததாகப் பெரியம்மா வீடு திரும்பும்போது சொன்னார். காசு பல் வைத்தியத்துக்குத்தான். ஆயினும் முதியவர்களின் பணத்தில் கைவைப்பவர்கள் பல வேளைகளில் உடன் வரும் உறவினர்களே என்பதால், என்னை அப்புறப்படுத்தியதை மெச்சுகிறேன்.

முதியவர்கள் ஏன் மோசடிக்காரரிடம் ஏமாறுகிறார்கள் என்பதற்கு, வயது போனால் புத்தி மழுங்கும் என்ற விளக்கம் போதாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தினர் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், நம்பத்தகாத சாயலுள்ள முகங்களை முதியவர்கள் இளையவர்களைவிடக் கூடுதலாக நம்பினர். எச்சரிக்கை உணர்வோடு தொடர்புடைய முன்புற இன்சுலா என்ற மூளைப்பகுதியும் அவர்களிடம் குறைவாகவே தூண்டப்பட்டது. மனச்சோர்வு மிகுந்து, உறவுத் தேவைகளும் நிறைவேறாதிருந்த அமெரிக்க முதியவர்களிடையே மோசடிக்கு உள்ளானவர்களின் விகிதம் ஏனையோரிடம் இருந்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2013 இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, தொடர்மாடியில் தனித்திருப்பவரை அந்நியர் ஒருவர் நாள்தோறும் அழைத்துச் சுகம் விசாரித்தால், "பார்சல் சுங்கத்தில் நிற்குது, இண்டைக்கே காசு கட்ட வேணும்" என்று அவர் சொல்லும்போது சந்தேகப்படுவது நட்பையே முறிப்பதாகத் தோன்றும். ஏமாந்த பின்போ, கணக்கைப் பிள்ளைகள் கையில் எடுத்துவிடுவார்கள் என்ற அச்சமும் வெட்கமும் வாயை அடைத்துவிடும். உத்தியோகத்தரின் இரண்டாவது கேள்வி சரியான இடத்தைத் தொடுகிறது.

ஆனால் அதே மேசையில், அதே கனிவோடு, "நான் உங்கட மகன் மாதிரி" என்று சொல்லி, எழுபதைக் கடந்தவரிடம் பத்தாண்டு ஆயுள் காப்புறுதித் திட்டத்தின் படிவத்தையும் வைக்கிறார்கள். இலக்கு எட்ட வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இருக்கலாம். அதற்காக இதைச் சேவை என்று ஏற்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறோம் என்றதும் முகம் சற்று வாடியது.

வட்டி வீதத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தில் வைப்புக் காப்புறுதி வரம்பை, அதாவது நிறுவனம் முறிந்தால் வைப்பாளருக்கு ஈடாகக் கிடைக்கும் உச்சத் தொகையைக் காணோம். 2020 இல் வைப்புகளை ஏற்றுவந்த நிதி நிறுவனமான த ஃபினான்ஸ் கம்பெனியின் உரிமம் இரத்தானபோது, வைப்பாளர் ஒருவருக்குக் காப்புறுதியாகக் கிடைக்கக்கூடியது 6 இலட்சம் ரூபாவே. பின்னர் அது 11 இலட்சமாக உயர்த்தப்பட்டது. கேட்டபோது உத்தியோகத்தர் தமிழில் தெளிவாக விளக்கினார், பிரசுரமோ சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. வைப்பு அலுவலுக்கு இக்கிளையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். காப்புறுதிப் படிவம் எதிலும் அன்றைக்கே கையொப்பமிட வேண்டாம்.