பொடியா, கரைசலா? குமரி மண்ணுக்கு எந்த என்எம்ஆர்?

சித்தப்பாவுக்குத் தோவாளைப் பக்கம் ஒரு வயல், குலசேகரத்துக்கு மேலே கொஞ்சம் ரப்பர். போன வருஷம் மண் பரிசோதனை அட்டையில் இரண்டுக்கும் அங்கக கார்பன், அதாவது மக்கிய சருகு, வேர் போன்றவற்றிலிருந்து வந்த கார்பன், ஏறத்தாழ ஒரே அளவு. "ரெண்டும் ஒண்ணுன்னா, மண்ணு ஏம்டே ஒண்ணு போல இல்ல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அட்டைக்கு அந்த எண்ணைத் தருவது பெரும்பாலும் 1934-இல் வாக்லியும் பிளாக்கும் வெளியிட்ட முறை. டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் ஊற்றி, எவ்வளவு கார்பன் எரிந்தது என்று கணக்குப் பார்ப்பார்கள். எரிந்தது இலைச்சருகா, வேரா, மெழுகா என்பது அதற்குத் தெரியாது.

தெரிய வேண்டுமானால் என்எம்ஆர், அதாவது அணுக்கருக் காந்த ஒத்திசைவு. ஆஸ்பத்திரி எம்ஆர்ஐ-யும் இதே தத்துவம்தான். கார்பனில் 1.1 சதவீதமே இருக்கும் கார்பன்-13, தன்னோடு பிணைந்திருப்பது எது என்பதைப் பொறுத்து வெவ்வேறு இடத்தில் சிக்னல் காட்டும். அந்த இடத்தைக் குறிக்கும் அளவு பிபிஎம்: 0 முதல் 45 வரை மெழுகும் கொழுப்பும், 110 வரை பெரும்பாலும் சர்க்கரையும் செல்லுலோஸும், 160 வரை லிக்னினும் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) கரியும், அதற்கு மேல் அமிலங்களும் அமைடுகளும். சருகு மக்க மக்கச் சர்க்கரை மேடு தாழும், மெழுகு மேடு உயரும்.

மண்ணை இந்தக் கருவிக்குள் அனுப்ப இரண்டு வழி. ஒன்று, சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தில் ஊறவைத்து, கரைந்து வரும் கறுப்புச் சாற்றை அளப்பது. கரைசலில் கோடுகள் கூர்மையாக விழும். இரு பரிமாண அளவீடு செய்தால் எந்த ஹைட்ரஜன் எந்தக் கார்பனோடு பிணைந்திருக்கிறது என்பதுவரை பிடிக்கலாம். ஆனால் கரையாத பங்கு பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடுகிறது. கரைந்ததும் மண்ணில் அப்படியேதான் இருந்ததா என்பது சந்தேகம். பிஎச் 13 என்ற கடுங்காரத்தில் ஊறினால் எதுவும் கொஞ்சம் மாறத்தான் செய்யும். இந்தச் சாற்றை வைத்து மண்ணின் கதை சொல்லலாமா என்று 2015-இல் மண் ஆய்வாளர்கள் லேமனும் கிளேபரும் நேச்சர் இதழில் கேட்டார்கள். நான் அவர்கள் கட்சி.

மற்றது, மண்ணைப் பொடியாகவே சிர்கோனியாக் குழலில் அடைத்து, காந்தப் புலத்துக்கு 54.7 டிகிரி சாய்த்து, நொடிக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழற்றுவது. அந்தச் சாய்வில் சுழற்றினால் கோடுகளின் அகலம் குறையும். எதுவும் விட்டுப்போகாது, ஆனாலும் கரைசலோடு ஒப்பிட்டால் கோடுகள் பரந்து குழம்பும். மண்ணில் நூறில் ஒன்று கார்பன் என்றால், அதிலும் நூறில் ஒன்றுதான் கார்பன்-13. பத்தாயிரத்தில் ஒன்றைத் தேட ராத்திரி முழுக்க ஸ்கேன் ஓடவேண்டும்.

இதில் குலசேகரம் இருக்கும் மேற்குக் குமரிக்குத் தனிச் சிக்கல் இரும்பு. வெட்டுக்கல் மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். அந்த இரும்பின் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் பக்கத்துக் கார்பனின் சிக்னலைக் கலைத்துவிடும். மணவாளக்குறிச்சியில் கருமணலிலிருந்து இல்மனைட் என்ற தாதுவைப் பிரித்தெடுக்கக் காந்தம் உதவுகிறது. இங்கே அதே காந்தக் குணம் தொல்லை. ஆகவே முதலில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் மண்ணைப் பலமுறை கழுவவேண்டும். தாதுவும் இரும்பும் கரைந்து போகும், கார்பன் செறியும், கரையக்கூடிய சர்க்கரை கொஞ்சம் இழப்பாகும். அந்த அமிலம் தோலில் பட்டால் எலும்புவரை இறங்கும். பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாமல் புட்டியைத் திறக்கக்கூடாது. இத்தனை பாடு இருந்தும் ரப்பர் மண்ணுக்குப் பொடி வழியே சரி என்பேன்.

தென்னை மூட்டில் காலங்காலமாக அடுப்புச் சாம்பலும் கரியும் கொட்டியிருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பொடியில் வழக்கமாகச் செய்வது குறுக்கு முனைவாக்கம்: ஹைட்ரஜனின் பலத்தைக் கார்பனுக்கு மாற்றுவது. கரியில் ஹைட்ரஜன் குறைவு, அதனால் கரி உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஹைட்ரஜன் உதவியின்றிக் கார்பனையே அளக்கும் நேரடி முனைவாக்கம் நேர்மையானது, அதற்கு நேரம் பலமடங்கு பிடிக்கும்.

வயல் மண்ணில்தான் என் கட்சி ஆட்டம் காண்கிறது. 2004-இல் ஷ்மிட்-ரோர், மாவோ, ஓல்க் மூவரும் பிலிப்பைன்ஸில் வருஷத்துக்கு மூன்று போகம் நெல் விளைந்த, தண்ணீர் வற்றாத மண்ணை ஆராய்ந்தார்கள். நைட்ரஜன், லிக்னினில் இருப்பது போன்ற அரோமாட்டிக் கார்பன் வளையங்களோடு ஒட்டிக் கிடந்ததைக் கண்டார்கள். லிக்னினோடு அப்படிப் பிணைந்த நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, பயிருக்குச் சுலபமாகக் கிடைக்காது. அங்கே மகசூல் இறங்கியதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். அவர்கள் அளந்தது முழு மண்ணை அல்ல, காரத்தில் பிரித்த சாற்றை. ஆனால் அதை உலர்த்திப் பொடியாக அளந்தார்கள். நான் ஒதுக்கிய சாறும் நான் விரும்பும் சுழற்சியும் கைகோத்த வேலை.

சித்தப்பாவின் வயல் இருக்கும் நாஞ்சில் நாட்டில் நெல் போகம் கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டுதான். கும்பப்பூ அறுத்தபின் வயல் காயும், காற்று இறங்கும். அதனால் பிலிப்பைன்ஸ் முடிவை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாது. சித்தப்பாவின் வயலில் நான் இரண்டு தடவை மண் எடுப்பேன்: கும்பப்பூவுக்குத் தண்ணீர் நிற்கும்போது ஒன்று, பங்குனி வெயிலில் வெடித்துக் கிடக்கும்போது ஒன்று. இரண்டையும் முழுப் பொடியாகவும், சாற்றின் பொடியாகவும். ரப்பர் மண்ணுக்கு ஒரு தடவை போதும், கழுவத்தான் நாளாகும்.