ஆறு ஆண்டுகள், நான்கு தலைமையாசிரியர் குழுக்கள்

தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே கவனித்தேன்: நான் உள்ளே நுழைந்தால் ஆசிரியர் அறையில் பேச்சு நின்றுவிடும். போன மாதம்வரை அதே அறையில் அரட்டை அடித்தவள்தான் நான். மேலே அதிகாரி, கீழே ஆசிரியர்கள். சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. அப்படித்தான் இணையக் குழுக்களைத் தேடிப் போனேன். இதுவரை நான்கில் இருந்தாகிவிட்டது, இப்போது மிச்சம் இரண்டு.

முதலாவது பெரிய வாட்ஸ்அப் குழு. 2022இல் உறுப்பினர் வரம்பு 256இலிருந்து 512 ஆகி, அதே ஆண்டு 1024 ஆனதும் அட்மின் கிடைத்தவரையெல்லாம் உள்ளே இழுத்துப்போட்டார். காலையில் வணக்கப் படம், மதியம் ஒரே சுற்றறிக்கை ஏழு முறை, ராத்திரி ‘அந்தப் படிவம் யாரிடமாவது இருக்கா?’. அப்புறம் ஒரு மேலதிகாரியையும் சேர்த்தார்கள். அன்றோடு கேள்விகள் நின்றன. ‘நன்றி ஐயா’ மட்டும் வந்துகொண்டிருந்தது.

நான் சூடுபட்டதும் அங்கேதான். ஒரு மாணவனின் வீட்டுப் பிரச்சினையைச் சொல்லி யோசனை கேட்டேன். பெயர் போடவில்லை, வகுப்பையும் அப்பாவின் தொழிலையும் போட்டுவிட்டேன். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப, மறுநாள் அவன் அம்மா என் அறை வாசலில் நின்றார். தப்பு என்னுடையதுதான். இப்போதெல்லாம் பிள்ளைகள் விஷயம் என்றால் போனில்தான் பேசுகிறேன்.

இரண்டாவது குழு சேர்ந்த வேகத்தில் தூங்கிப்போனது. டெலிகிராம் குழு தேவலை. புதிதாக வருபவரும் பழைய பதிவுகளைத் தேடி எடுக்கலாம். படிவ மாதிரிகளுக்கு இன்றும் அங்கே போகிறேன். மனம்விட்டுப் பேச அது இடமில்லை.

நிஜமாகக் கைகொடுத்தது 11 பேர் கொண்ட சின்னக் குழு. ஒருநாள் காலை எட்டரைக்கு நான்கு ஆசிரியர்கள் விடுப்பு என்று தெரிந்தது. ‘என்ன செய்வது?’ என்று போட்டேன். பத்தே நிமிடத்தில் ஒருவர் தன் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார்: ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அட்டவணை, வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்த இடங்களில் சிவப்பு வட்டம், ஓரத்தில் ‘கடைசி பீரியடில் மட்டும் சேர்க்காதீர்கள், கூச்சல் தாங்காது’. அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை.

இந்தத் தனிமை எங்களோடு தொடங்கியதில்லை. 2000வாக்கிலேயே இங்கிலாந்தில் புதிய தலைமையாசிரியர்களுக்கென்று ‘டாக்கிங் ஹெட்ஸ்’ என்ற இணையக் குழுமம் இருந்தது. அதில் ‘ஹாட் சீட்’ என்று ஒரு ஏற்பாடு: விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எல்லோருடைய கேள்விகளுக்கும் பதில் எழுதுவார். நாங்களும் மாதம் ஒருவர் என்று ஆரம்பித்தோம். மூன்று மாதம் நன்றாக ஓடியது. நான்காவது என் முறை. தேர்வு வேலையில் தள்ளிப்போட்டேன், அப்படியே நின்றுவிட்டது.

அந்த 11 பேரில் மூன்று பேர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். குழுவைவிட்டுப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சொல்லப்போனால், இப்போது பொறுமையாகப் பதில் எழுதுவது அவர்கள்தான்.